உப்பு பாக்கெட் மேல தேதி எழுத ஆரம்பிச்சதுல இருந்து

போன வருஷம் பிப்ரவரி மாசம் கீழ்க் கடவாய்ப்பல்லு ஒன்னு உயிரை எடுத்துருச்சு. ஒரு வாரம் மெடிக்கல் ஷாப்ல சொல்லி வலி மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டுனேன், அதுக்கு மேல முடியலைன்னு பல் டாக்டர்கிட்ட போனா, அவங்க வாயைத் திறக்கச் சொல்றதுக்கு முன்னாடி கையில பட்டையைச் சுத்திட்டாங்க. 164/102. அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சு மறுபடி பாத்தாங்க, 160/100. "இந்த பிரஷரை வெச்சுக்கிட்டு நான் பல்லைப் பிடுங்க மாட்டேன் சார், முதல்ல ஒரு டாக்டரைப் பாத்துட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

எனக்கு அப்போ 46 வயசு. தலைவலி கிடையாது, தலைசுத்தல் கிடையாது, படபடப்பு கிடையாது. அந்தப் பல்லு மட்டும் வலிக்கலைன்னா இன்னும் எத்தனை வருஷம் தெரியாமலே சுத்திக்கிட்டு இருந்திருப்பேன்னு நினைச்சா இப்பவும் பயமா இருக்கு. பிரஷர் இருந்தா தெரிஞ்சிடும், கண்ணைக் கட்டும், கோவம் வரும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அது சுத்தமா தப்பு. நிறைய பேருக்கு ஒன்னுமே தெரியாது. அளந்து பாத்தா மட்டும்தான் தெரியும்.

மறுநாள் எங்க ஏரியா டாக்டரம்மாகிட்ட போனேன். முதல்ல அவங்க கேட்டது, என்ன வலி மாத்திரை போட்டீங்கன்னு தான். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைங்க உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வெச்சு பிரஷரை ஏத்தி விடும்னு அன்னைக்குத் தான் எனக்குத் தெரியும். வலியும் ஏத்தும். அதனால அந்த மாத்திரையை நிறுத்திட்டு பாரசிட்டமாலும், பல்லுக்கு வேற மருந்தும் குடுத்து, வலி அடங்கினதும் ஒரு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க. வலியெல்லாம் போய் நிம்மதியா உக்காந்து பாத்தும் 158/98. அப்போ இது பல்லு வலி பிரஷர் இல்லை, என்னோட பிரஷர்.

அந்த நம்பரைப் பாத்ததும் எனக்கு அப்பா ஞாபகம் தான் வந்துச்சு.

அப்பாவுக்கு 58 வயசுல பக்கவாதம் வந்துச்சு, 2009ல. அதுக்கு முன்னாடி மூணு வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாரு, ஒரு நாள் செக் பண்ணப்போ 130/80ன்னு வந்ததும் "நார்மல் ஆயிருச்சுல்ல, இனி எதுக்கு"ன்னு நிறுத்திட்டாரு. யாரோ சொன்னாங்கன்னு முருங்கைக்கீரை சாறும் பூண்டும் மட்டும் சாப்பிட்டுட்டு இருந்தாரு. நாலு மாசம். ஒரு காலையில திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருந்தவர் கையில இருந்து டம்ளர் நழுவி விழுந்துச்சு, குனிஞ்சு எடுக்கப் போறாரு, விரல் டம்ளரைப் பிடிக்க மாட்டேங்குது, திரும்பத் திரும்ப எடுக்கப் பாக்குறாரு, அம்மா "என்ன செய்யுது"ன்னு கேட்டா பேச்சு குழறுது. அதுக்கு அப்புறம் ஆறு வருஷம் இருந்தாரு, ஆனா அந்த வலது கை கடைசி வரைக்கும் சோறு பிசையல. மாத்திரை சாப்பிட்டதால தான் அந்த 130/80 வந்துச்சுன்னு அவருக்கு யாருமே புரியுற மாதிரி சொல்லல, எங்களுக்கும் தெரியல. இந்தப் பதிவை எழுதுறதுக்கு பாதிக் காரணம் அது தான்.

சரி, உப்புக்கு வரேன்.

நாங்க தூத்துக்குடி. அப்பா உப்பளத்துல லோடு கணக்கு எழுதுற வேலை பாத்தவரு. நாட்டுலயே குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகம் எடுக்குறது தமிழ்நாடு, அதுல பெரும்பங்கு எங்க ஊர்ப் பக்கம் தான், முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேம்பார்னு போனா வெயில் காலத்துல ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா குவிச்சு வெச்சிருப்பாங்க. அதனால எங்க வீட்ல சின்ன வயசுல உப்புன்னு காசு குடுத்து வாங்கினதே கிடையாது, அடுப்படி மூலையில ஒரு மூட்டை எப்பவும் சாஞ்சு நிக்கும், தீர்ந்தா அடுத்தது வரும். எவ்ளோ தின்னோம்னு யாரு கணக்கு பாத்தா? இலையில ஓரத்துல ஒரு சிட்டிகை உப்பு வெச்சா தான் அது சாப்பாடு. மாங்காய்க்கு உப்பு, நெல்லிக்காய்க்கு உப்பு, கொய்யாப் பழத்துக்கு உப்பு. சாளைக் கருவாடு, மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய், இது மூணும் இல்லாத பழைய சோறை எங்க அப்பா தொட மாட்டாரு.

டாக்டரம்மா என்கிட்ட "உப்பு குறைங்க"ன்னு சொல்லல. "வீட்ல எத்தனை பேரு, ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருது"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. வீட்டுக்காரியைப் பாத்தேன், அவளுக்கும் தெரியல. "சரி, போய் புது பாக்கெட் ஒன்னு பிரிங்க, பிரிக்கிற தேதியை அது மேல எழுதுங்க, மீன் அலசுறதுக்கு காய் கழுவுறதுக்கு உள்ள உப்பைத் தனியா வெச்சுக்கோங்க, சமையல் உப்பு தீர்ற அன்னைக்கு எனக்குச் சொல்லுங்க"ன்னாங்க. அவ்ளோ தான். அதோட கிட்னி எப்படி வேலை பாக்குதுன்னு காட்டுற கிரியாட்டினின், பொட்டாசியம், சுகர், கொழுப்பு, யூரின்ல புரதம், ஈசிஜி எல்லாம் எடுக்கச் சொல்லி, அம்லோடிபின்னு பிரஷர் மாத்திரை 5 மில்லிகிராம் ஒன்னு எழுதிக் குடுத்தாங்க.

வீட்ல அஞ்சு பேரு. நான், வீட்டுக்காரி, அம்மா, ரெண்டு பிள்ளைங்க. அந்த பாக்கெட் 20 நாள்ல தீர்ந்துச்சு. 1000 கிராமை 20 ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 50 கிராம், அஞ்சு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 10. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ இருக்கணும்னு சொல்லுது, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். அப்போ எங்க வீட்டு அடுப்படியிலயே ரெண்டு மடங்கு போகுது, இதுல கடையில வாங்குற மிக்சர், பிஸ்கட், பிரெட், ராத்திரி பரோட்டா சால்னா எதுவும் சேரல. பிள்ளைங்களும் இதையே தான் திங்குதுங்கன்னு நினைச்சப்போ எனக்கு என் பிரஷரை விட அது தான் உறுத்துச்சு.

உப்பு என்ன பண்ணுதுன்னு டாக்டரம்மா எளிமையா சொன்னாங்க. ரத்தத்துல சோடியம் கூடினா அதை நீர்க்க வைக்க உடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், அதே குழாய்க்குள்ள கூடுதல் தண்ணி ஓடுது, அந்த உப்பை வெளிய தள்ள கிட்னிக்கு கூடுதல் அழுத்தம் வேணும், இது வருஷக்கணக்கா நடக்குறப்போ குழாயே விறைச்சுப் போயிரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறாது, சிலர் உடம்பு தாங்கும், சிலர் உடம்பு தாங்காது, வயசு ஏற ஏற தாங்குறது குறையும்.

அப்புறம் தான் நான் ஒரு காரியம் பண்ணேன், சமையலுக்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். அம்மா இட்லி மாவு கரைக்கிறப்போ கல்லுப்பை கையில அள்ளிப் போடுவாங்க, அதை மாவுல போடுறதுக்கு முன்னாடி ஒரு தட்டுல போடச் சொல்லி எடை பாத்தேன். அம்மாவுக்கு ஒன்னும் புரியல, "என்னலே, கையை எடை போடுத"ன்னு கேட்டுக்கிட்டே போட்டாங்க. 31 கிராம். அந்த மாவுல 60 இட்லி வரும், அப்போ ஒரு இட்லிக்கு அரை கிராம். நாலு இட்லி தின்னா 2 கிராம், சட்னியும் சாம்பாரும் இன்னும் ஊத்தவே இல்லை. காலைச் சாப்பாட்டுலயே அன்னைக்குள்ள உப்புல பாதிக்கு மேல முடிஞ்சிடுது. இட்லி உப்புக் கரிக்குதுன்னு என்னைக்காவது நமக்குத் தோணியிருக்கா? தோணாது, அது தான் விஷயமே.

ஊறுகாய்க்கு அம்மா கணக்கு ஒரு கிலோ மாங்காய்க்கு கால் கிலோ உப்பு. எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் சேத்து மொத்தம் 1,600 கிராம் வரும்னு வெச்சாலும் 10 கிராம் ஊறுகாய்ல ஒன்றரை கிராம் உப்பு. ஒரே ஒரு ஸ்பூன். அப்பளத்துல உப்பு மட்டும் இல்லை, அப்பளக்காரமும் சோடியம் தான், ஆப்ப சோடாவும் அப்படித் தான், அஜினமோட்டோவும் அப்படித் தான். கடைப் பொருள்ல பின்னாடி அட்டவணையில உப்புன்னு போட மாட்டாங்க, சோடியம் இத்தனை மில்லிகிராம்னு போட்டிருக்கும், அதை ரெண்டரையால பெருக்குனா உப்பு. என் பையன் கேக்குற நூடுல்ஸ் பாக்கெட்ல 800 சொச்சம் போட்டிருந்துச்சு, அப்படின்னா 2 கிராம் உப்பு ஒரே பாக்கெட்ல. கடையில நின்னு அவனையே போன்ல பெருக்கிப் பாக்கச் சொன்னேன், அவனே எடுத்த இடத்துல திருப்பி வெச்சான்.

முதல் மூணு வாரம் ரொம்பக் கஷ்டம், இதை மறைக்க மாட்டேன். ஒரேயடியா குறைக்கல, கை அளவை விட்டுட்டு ஸ்பூன் அளவுக்கு மாறினோம், வாரத்துக்குக் கொஞ்சமா இறக்கினோம். அப்படியும் சாம்பார் சாம்பாரா இல்லை. அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடல, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவாய்யா சொன்னாவ"ன்னு வருத்தமா கேட்டாங்க. நான் தட்டை வெச்சிட்டு பக்கத்துல உக்காந்து, "அம்மா, அப்பா அன்னைக்கு அந்த டம்ளரை எடுக்க முடியாம கிடந்தாருல்ல, எனக்கு அது வேண்டாம்மா"ன்னு சொன்னேன். அதுக்கு அப்புறம் அம்மா ஒரு வார்த்தை பேசல, அன்னைக்கு சாயங்காலமே ஊறுகாய் பரணியைத் தூக்கி பரண் மேல வெச்சுட்டாங்க.

வீட்டுக்காரி தான் இதுல பெரிய வேலை பண்ணா. புளிப்பும் காரமும் வாசனையும் கூடினா உப்பு குறைஞ்சது நாக்குக்குத் தெரியாதுன்னு அவளாவே கண்டுபிடிச்சா. பொரியல்ல உப்பை முன்னாடியே போடாம இறக்குறப்போ மேல தூவுறா, அப்போ பாதி உப்பே போதுது, ஏன்னா நாக்குல நேரா படுது. எலுமிச்சை பிழியுறது, மிளகு சீரகம் புதுசா பொடிக்கிறது, பூண்டைத் தட்டிப் போடுறது, கறிவேப்பிலை கூட ரெண்டு கொத்து. மோர்ல உப்பே கிடையாது, இஞ்சியும் பெருங்காயமும் மட்டும். சோத்துல உப்பு போடுற பழக்கம் இருந்தா அதை முதல்ல நிறுத்துங்க, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கருவாடு முழுசா விடல, மாசத்துல ஒரு நாள், வெந்நீர்ல ரெண்டு தடவை ஊறப்போட்டு அலசி, குழம்புல தனியா உப்பு போடாம. ஒன்றரை மாசம் போனதும் ஒரு கல்யாண வீட்ல சாப்பிட்டேன், ரசம் கடல் தண்ணி மாதிரி இருந்துச்சு, பக்கத்து இலைக்காரரு அதையே ரெண்டாவது தடவை ஊத்தச் சொல்றாரு. நாக்கு மாறிடுச்சுன்னு அன்னைக்குத் தான் தெரிஞ்சுது.

உப்பைக் குறைக்கிறது ஒரு பாதி தான், தட்டுல எது கூடணும்கிறது இன்னொரு பாதி. அமெரிக்காவுல 1997ல டேஷ்னு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல உப்பை மாத்தவே இல்லை, எடையும் குறைய விடல, பழம், காய், கொழுப்பு குறைஞ்ச பால் தயிர், பயறு, கொட்டை வகைங்களைக் கூட்டி, கொழுப்பையும் இனிப்பையும் குறைச்சுக் குடுத்தாங்க. எட்டே வாரத்துல பிரஷர் உள்ளவங்களுக்கு மேல் அளவு, அதாவது முதல்ல வர்ற நம்பர், 11 பாயிண்ட் கிட்ட இறங்குச்சு, அது ஒரு மாத்திரை பண்ற வேலை. 2001ல அதோட உப்பையும் குறைச்சுப் பாத்தாங்க, ரெண்டும் சேந்தப்போ தான் பலன் அதிகம். இதுக்கு நாம ப்ரோக்கோலி தேடிப் போக வேண்டாம். எங்களுக்கு ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல இருந்து வாழைப்பழம் வருது, வாழைத்தண்டு வருது, முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்துலயே இருக்கு, அவரைக்காய், தட்டாம்பயறு, பாசிப்பயறு, உப்பில்லாத நிலக்கடலை, மோர், இதெல்லாம் அதே கணக்குல தான் வருது. சோறு ரெண்டு கரண்டி குறைஞ்சு அந்த இடத்துக்கு காய் வந்துச்சு, அவ்ளோ தான் மாத்தம்.

ஆனா இதுல ஒரு எச்சரிக்கை. பழம் காய்ல உள்ள பொட்டாசியம் தான் சோடியத்தை வெளிய தள்ள உதவுது, அதே பொட்டாசியம் கிட்னி சரியில்லாதவங்களுக்கு ரத்தத்துல தேங்கி இதயத்துடிப்பையே குழப்பிரும். எனக்கு கிரியாட்டினின் சரியா இருந்ததால தான் டாக்டரம்மா தாராளமா சாப்பிடச் சொன்னாங்க. அம்மாவுக்கு கிட்னி கொஞ்சம் மந்தம், பொட்டாசியத்தை ஏத்தக்கூடிய லோசார்டன்னு பிரஷர் மாத்திரையும் போடுறாங்க, அதனால அவங்களுக்கு இளநீர், வாழைப்பழம் எல்லாம் அளவு தான். சோடியம் குறைஞ்ச உப்புன்னு கடையில வருது பாருங்க, அதுல ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. சீனாவுல 600 கிராமத்துல பாதிக்கு மட்டும் கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் குடுத்துப் பாத்து 2021ல முடிவு சொன்னாங்க, பக்கவாதம் 14 சதவீதம் குறைஞ்சிருக்கு, நல்ல பொருள் தான், ஆனா அம்மா இருக்குற வீட்ல ஒரே அடுப்புல சமைக்கிறதால நாங்க வாங்கல. உங்க வீட்ல கிட்னி பிரச்சினை யாருக்காவது இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம வாங்காதீங்க.

இந்துப்புக்கு மாறுங்க பிரஷர் இறங்கும்னு எனக்கு குறைஞ்சது பத்து பேராவது சொல்லிட்டாங்க. எல்லாரும் அக்கறையில தான் சொல்றாங்க. ஆனா இந்துப்பும் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு தான், நிறம் தான் வேற, அயோடினும் பெரும்பாலும் சேத்திருக்க மாட்டாங்க. உப்பளத்துக்காரர் வீட்ல பிறந்தவன் சொல்றேன், உப்புல நல்ல உப்பு கெட்ட உப்புன்னு பிரஷருக்குத் தெரியாது, அளவு தான் தெரியும்.

நடைக்கு பெருசா சொல்ல ஒன்னுமில்லை. காலையில அஞ்சரைக்கு கிளம்பி ரோச் பூங்கா பக்கம் 40 நிமிஷம், வாரத்துக்கு அஞ்சு நாள், பேசிக்கிட்டே நடக்கலாம் ஆனா பாட்டுப் பாட முடியாது, அந்த வேகம். ராத்திரி பரோட்டா நின்னுச்சு, ஏழரைக்குள்ள சாப்பாடு. அஞ்சு மாசத்துல 86 கிலோவுல இருந்து 79. ஒரு கிலோ குறைஞ்சா மேல் அளவுல தோராயமா ஒரு பாயிண்ட் குறையும்னு சொல்றாங்க. குடி, சிகரெட் எனக்கு இல்லை, இருக்கிறவங்களுக்கு அதைக் குறைக்காம உப்பை மட்டும் குறைச்சு பிரயோஜனம் இல்லைன்னு டாக்டரம்மா கறாரா சொல்லுவாங்க. சத்தமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்கிறவங்க இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுவே பிரஷரை ஏத்தும்.

வீட்ல பாக்குறதுக்கு ஒரு மிஷின் வாங்கிட்டேன், மேல் கையில கட்டுறது. இதுல நான் பண்ண தப்பு, மாடிப்படி ஏறி வந்த உடனே, காப்பி குடிச்ச கையோட, சட்டை மேலயே கட்டிப் பாத்துட்டு பதறிட்டு இருந்தேன். சரியான முறை இது தான்: மூத்திரம் போயிட்டு வந்து, முதுகு சாய்ச்சு, கால் ரெண்டும் தரையில படுற மாதிரி, கால் மேல கால் போடாம அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும். கையை மேசை மேல நெஞ்சு உயரத்துக்கு வைக்கணும். காப்பி குடிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கணும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை பாத்து எழுதி வெக்கணும், காலையில மாத்திரைக்கு முன்னாடி ஒன்னு, சாயங்காலம் ஒன்னு, ஒரு வாரம். ஒரு நாள் நம்பரைப் பாத்து பயப்படவும் கூடாது, சந்தோஷப்படவும் கூடாது. ஆஸ்பத்திரியில 140/90 எல்லைன்னா வீட்ல 135/85 தான் எல்லை.

அஞ்சாவது மாசம் என் வீட்டுச் சராசரி 122/78. டாக்டரம்மா நோட்டை முழுசா பாத்துட்டு மாத்திரையை 5ல இருந்து 2.5 ஆக்குனாங்க. நிறுத்தல, நானும் கேக்கல. மாத்திரை குறையுறதும் நிக்குறதும் அவங்க கையில, என் கையில இருக்கிறது தட்டும் செருப்பும் தான். சிலருக்கு எவ்ளோ ஒழுங்கா இருந்தாலும் மாத்திரை தேவைப்படும், அது அவங்க தப்பு கிடையாது, வயசும் வம்சமும் இருக்குல்ல. காசு தான் பிரச்சினைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா குடுக்குறாங்க, மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுக்கே ஒரு அக்கா வந்து பாத்து மாத்திரை குடுத்துட்டுப் போறாங்க, அம்மாவுக்கு அப்படித் தான் வருது. அந்த அக்கா எங்க அப்பா காலத்துல வந்திருந்தா மாத்திரை ஏன் நிறுத்துனீங்கன்னு நாலாவது மாசத்துக்கு முன்னாடியே கேட்டிருப்பாங்க.

பல்லை ஏப்ரல்லயே எடுத்தாச்சு, அன்னைக்கு அதே சேர்ல 132/84.

ரெண்டாவது பாக்கெட் 26 நாள் வந்துச்சு, அடுத்தது 31. இப்போ அடுப்படியில இருக்கிற பாக்கெட்ல என் பொண்ணு தான் மார்க்கர்ல தேதி எழுதியிருக்கா, இன்னைக்கு 36வது நாள், அடியில ரெண்டு கை அளவு கிடக்குது. அஞ்சு பேருக்கு 40 நாள் வரணும். உங்க வீட்ல எத்தனை பேரு, எத்தனை நாள் வருதுன்னு எண்ணிப் பாத்துட்டு சொல்லுங்க.